பாலம் கடக்க ஒரு போத்தல் எண்ணெய்

தலைமுடிக்கு மாதம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். சம்பளத்தில் இத்தனை பங்கு, ஷாம்புவுக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு என்று. வாசித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எழுதுகிறவர்கள் கண்ணாடிக்கு முன்னால் இருந்து யோசித்திருப்பார்கள். நான் அந்தக் கணக்கைப் போட்டது சோதனைச் சாவடி வரிசையில். என் தலையில் முடி இருக்கிறதா இல்லையா என்பதைத் துவக்கு வைத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீடு பெருநிலத்தில், கடற்கரை ஊர் ஒன்றில் இருந்தது. எனக்கு வேலை தீவில், மன்னார்ப் பட்டினத்துத் தையல்கடை ஒன்றில். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை தைப்பேன். இரண்டுக்கும் நடுவில் கடல், கடலுக்கு மேல் பாலம், பாலத்தின் தொடக்கத்தில் இராணுவத்தின் சோதனைச் சாவடி. பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும் இறங்கி, ஆணும் பெண்ணும் வேறு வேறு வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, உடம்பைத் தடவிப் பார்க்க விட்டு, அந்தப் பக்கம் போய்த் திரும்பவும் பஸ்ஸில் ஏற வேண்டும். அப்பாவுக்கு மீன் பிடிக்கக் கடலுக்குப் போக இராணுவம் பாஸ் கொடுத்தால் தொழில் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. ஆகவே நான் பாலம் கடந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இப்படி இருக்கும்போது எனக்கு நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபாய்ட், வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தேன். வீட்டுக்கு வந்து சில கிழமைகள் கழித்து முடி கொட்டத் தொடங்கியது. சீப்பை வைத்தால் சீப்போடு வந்தது. காலையில் எழும்பினால் தலையணை கறுத்திருந்தது. சோற்றில் கிடந்தது. தைக்கிற வெள்ளைத் துணியில் விழுந்து கிடக்க, கடைக்கார அம்மா அதைப் பொறுக்கி எடுத்து எனக்குக் காட்டிவிட்டுக் கீழே போட்டார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். நெருப்புக்காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டினால் மொட்டை அடித்துவிடுவார்கள். புதிதாக அடர்த்தியாக வளரும் என்பது நம்பிக்கை. காசும் செலவில்லை. அம்மா அப்பாவின் சவர அலகைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தா.

“இரு பிள்ளை. பத்து நிமிசத்தில முடிஞ்சிடும்.”

“விசரே உங்களுக்கு?” என்றேன். “மொட்டையோட நான் பாலத்தால போறதே?”

“துணி கட்டிக்கொண்டு போ.”

“துணியை அவிழ்க்கச் சொல்லுவாங்கள் அம்மா.”

அம்மா அலகைப் பிடித்தபடி நின்றா. அவவுக்கும் விளங்கியது.

விளங்காதவர்களுக்குச் சொல்லுகிறேன். அந்தக் காலத்தில், இராணுவத்தோடு சண்டை பிடித்த இயக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு முடியைக் கட்டையாக வெட்டிவிடுவார்கள். அது இராணுவத்துக்குத் தெரியும். கட்டை முடியோடு ஒரு இளம் பெண் சோதனைச் சாவடிக்கு வந்தால் அவர்கள் முதலில் நினைப்பது ஒன்றைத்தான். எங்கள் ஊரில் ஒரு பெண் பேன் தொல்லைக்கு முடியை வெட்டிக்கொண்டு பாலத்துக்குப் போக, விசாரணை என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தாள். என்ன கேட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் தீவுப் பக்கம் போகவே இல்லை. தேவாலயத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவும் சனம் தயங்கியது. நான் அவளுக்கு இரண்டு வாங்கு வரிசை பின்னால் இருந்து அவள் தலையைப் பார்த்துக்கொண்டே பூசை கண்டிருக்கிறேன். எனக்கும் பக்கத்தில் போக மனம் வரவில்லை. பயம் அப்படித்தான்.

ஆகவே தலையில் மிஞ்சியிருக்கிற முடியைக் காப்பாற்ற வேண்டும். சம்பள நாளில் பட்டினத்தில் மருந்து விற்கிற பாமசிக்குப் போனேன். கண்ணாடி அலுமாரிக்குள் எண்ணெய்ப் போத்தல்கள் வரிசையாக நின்றன. விலை குறைந்தது கீழ்த்தட்டில், கூடினது மேல்தட்டில். மேல்தட்டுப் போத்தலில் ஒரு பெண்ணின் படம், முடி முழங்கால் வரைக்கும் தொங்கியது. பாமசிக்காரர் வயதானவர், எல்லாரோடும் பகிடி விடுகிறவர்.

“அந்த மேல்தட்டுப் போத்தலோ பிள்ளை? அதில பாதிக் காசு படத்துக்கு.”

“எண்ணெய் வேலை செய்யுமோ அய்யா?”

“செய்யுதெண்டு சனம் சொல்லுது. எனக்குப் பூசிப் பாக்க இடமில்லை.” தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்த்தட்டுப் போத்தலைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்தேன். அது வேலை செய்யாமல் போனால் என்ற எண்ணம் வந்தது. மலிவானதை வாங்கி, அதனால் முடி போய், அதனால் பிடிபட்டால்? மிச்சம் பிடித்த காசை வைத்து என்ன செய்வது? கடைக்காரன் விலையை மலிவு, கூட என்று எழுதி வைத்திருக்கிறான். பயந்தவளுக்கு அப்படித் தெரியாது. விலை கூடினது தன்னைக் காப்பாற்றும், குறைந்தது கைவிட்டுவிடும் என்றுதான் தெரியும். மேல்தட்டுப் போத்தலை வாங்கினேன்.

வீட்டில் அம்மா விலையைக் கேட்டு வாயில் கை வைத்தா.

“இந்தக் காசுக்கு மாவும் சீனியும் வாங்கியிருக்கலாமே. கண்டறியாத எண்ணெய்.”

“மாவைத் தின்னலாம். தலையில பூசிக்கொண்டு பாலத்தால போகேலாது.”

“வாய்க்கு மட்டும் ஒரு காய்ச்சலும் வரேல்லை உனக்கு.”

எண்ணெயைப் பூசினேன். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் ஷாம்பு நுரைக்காது, எண்ணெய் போகாது, முடி கயிறு போலத் திரண்டு நிற்கும். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும், குடிக்க மட்டும். அதில் தலை முழுகக் கேட்டால் அம்மா என்னைக் கொன்றிருப்பா. போத்தல் பாதியாகும்போது தலையிலும் பாதி போயிருந்தது. உச்சியில் தோல் தெரிந்தது. பின்னால் மட்டும் எலிவால் போலக் கொஞ்சம் தொங்கியது. அடையாள அட்டைப் படத்தில் எனக்கு இரண்டு பின்னல், இரண்டும் முன்னால் கிடக்கும், ஒவ்வொன்றும் என் மணிக்கட்டளவு. சாவடியில் நிற்கிற இராணுவப் பெண் படத்தைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். ஒவ்வொரு காலையும் அவள் பார்க்கிற நேரம் கூடிக்கொண்டு போவதுபோல இருந்தது. உண்மையில் கூடியதா, எனக்குத்தான் அப்படிப்பட்டதா, தெரியாது.

எங்களோடு அப்போது மாமி இருந்தா. அப்பாவின் தங்கை. உயிலங்குளத்துப் பக்கம் வயல் செய்த ஆள். வயலைப் போட்டுவிட்டு இடம்பெயர்ந்து வந்து எங்கள் வீட்டு அறையொன்றில் இருந்தா. எதையும் பகிடியாகச் சொல்லுவா.

“உன்ர தலையில இருக்கிறதுக்கு ஒவ்வொண்டாப் பேர் வைக்கலாம் போல கிடக்கு. இனி எண்ணெய்க்குக் காசைக் கொட்டாத. சவுரி ஒண்டு வாங்கு.”

சவுரி என்றால் சொந்த முடியோடு சேர்த்துப் பின்னுகிற பொய்முடி. கலியாணப் பெண்களுக்கு வைப்பார்கள். அது எண்ணெயைவிட விலை. ஆனால் ஒருமுறை வாங்கினால் போதும் என்று மாமி சொன்னா. அப்பாவும் முதல்முறையாக வாய் திறந்தார். “வாங்கட்டும். பிள்ளை போய் வரவேணும்.” அதோடு பேச்சு முடிந்தது. வாங்கினோம்.

மாமி மிஞ்சியிருந்த என் முடியைக் கறுத்த நூலால் இறுக்கிக் கட்டி, சவுரியை அதில் கோத்து, ஒற்றைப் பின்னலாகப் பின்னிவிட்டா. உச்சியை மறைக்க முன் முடியை வாரி இழுத்து எண்ணெய் தடவிப் படிய வைத்தா. கொண்டை போடுவோமா என்று அம்மா கேட்டா. வேண்டாம், கொண்டையைத்தான் அவிழ்த்துப் பார்ப்பாங்கள், உள்ளுக்கு எதையாவது ஒளிச்சு வைச்சிருக்கெண்டு நினைப்பாங்கள், பின்னலைத் தொடமாட்டாங்கள் என்று மாமி சொன்னா. எங்களுக்கு அது பெரிய புத்தியாகப் பட்டது. நாலு பேர் இருந்து யோசித்தோம். முடி இல்லாததைவிட இல்லாத முடியை ஒளிப்பது பெரிய குற்றம் என்று நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் கடந்தேன். இரண்டாம் நாளும் கடந்தேன். ஆனால் பயம் குறையவில்லை. முன்பு பயந்தது இல்லாத ஒன்றுக்காக. இப்போது முதுகில் ஒரு பொய் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் குலுங்கினால் பின்னலைப் பிடித்தேன். கடற்காற்று அடித்தால் பிடித்தேன். வரிசையில் நிற்கும்போது எனக்குப் பின்னால் நிற்கிற பெண் என் கழுத்தைப் பார்க்கிறாளோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். “என்ன, எதையும் துலைச்சிட்டியே?” என்று ஒருத்தி கேட்டாள். நான் பின்னலை விட்டுக் கையை எடுத்தேன்.

ஒரு காலை, உடம்பைத் தடவிப் பார்க்கிற இராணுவப் பெண் என் முதுகைத் தடவிக்கொண்டு வந்து பின்னலில் கையை வைத்தாள். என்ன நினைத்தாளோ, நுனியிலிருந்து மேலே மேலே அமத்திப் பார்த்தாள். நூல் கட்டிய இடத்தில் கை நின்றது. அந்த இடம் கட்டியாக இருந்திருக்கும். அவள் இழுத்தாள்.

பின்னல் அவள் கையோடு போனது. கட்டியிருந்த என் சொந்த முடியும் வேரோடு போனது. நோவு பிறகுதான் வந்தது. முதலில் கழுத்தில் காற்றுப் பட்டது, அவ்வளவுதான். அவள் கையில் தொங்கியதைப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனாள். அவள் பயந்துவிட்டாள். அதைக் கண்டதும்தான் நானும் பயந்தேன். துவக்கு வைத்திருக்கிறவள் பயந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

“கொண்டே கோ?” என்று கத்தினாள். முடி எங்கே என்று சிங்களத்தில் கேட்டாள்.

அப்போது எனக்குத் தெரிந்த சிங்களம் ஒரு சொல்தான். காய்ச்சலுக்கு உண என்பார்கள். “உண, உண” என்றேன். அவள் கேட்கவில்லை. ஆண்களைக் கூப்பிட்டாள். வரிசையில் நின்ற எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கீழே நிலத்தைப் பார்த்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை.

தகரக் கொட்டில் ஒன்றுக்குள் கதிரையில் இருத்தினார்கள். முன்னால் மேசையில் சவுரி கிடந்தது, அடித்துப் போட்ட பாம்பு போல. தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

“முடி எப்ப வெட்டினது?”

“வெட்டேல்லை சேர். கொட்டினது. நெருப்புக்காய்ச்சல்.”

“காய்ச்சல் எண்டா ஏன் பொய் முடி?”

“பயத்தில சேர்.”

“ஒண்டும் செய்யாத ஆளுக்கு ஏன் பயம்?”

இந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. இன்றைக்கு என்றால் ஆயிரம் பதில் சொல்லுவேன். அன்றைக்குப் பாவாடையின் தையலை விரலால் பிடித்து, என் ஊர்ப் பெண் இதே கதிரையில்தான் இருந்திருப்பாளோ என்று யோசித்துக்கொண்டு இருந்தேன்.

பஸ்காரர்கள் ஊரில் சொல்ல, பின்னேரம் அப்பா என் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டோடு வந்தார். அதிகாரி துண்டைப் பார்த்தார். இப்படித் துண்டு யாரும் எடுக்கலாம் என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, சேர், சேர் என்று சொல்லிக்கொண்டு நின்றார். மீன்பிடிகாரர், புயலுக்குள் வள்ளம் விட்டவர், அப்படி நின்றதை நான் பார்த்தேன். கடைசியில் அதிகாரி ஒரு முடிவு சொன்னார்.

“காய்ச்சல் எண்டா முடி திரும்ப வளரும். வெட்டுற ஆள் எண்டா வெட்டிக்கொண்டே இருப்பா, வளராது. நீ ஒவ்வொரு நாளும் இதால வா. நாங்க பாக்கிறம்.”

வராமல் விட்டால் என்று அப்பா மெதுவாகக் கேட்டார். அதிகாரி என் அட்டை இலக்கத்தைக் கொப்பியில் எழுதினார். அப்பா திரும்பக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, வழித்தால்தான் கெதியாய் முளைக்கும் என்று அலகை எடுத்து வந்து மொட்டை அடித்துவிட்டா. இந்த முறை நான் தடுக்கவில்லை. பிய்ந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டா. மாமி பகிடி விடாமல் அறைக்குள் போய்ப் படுத்தா.

அதன் பிறகு என் வாழ்க்கை தலையில் முடி முளைக்கிற வேகத்தில் போனது. காலையில் சாவடியில் தலைத்துணியை அவிழ்க்க வேண்டும். அந்த இராணுவப் பெண் தலையைக் குனியச் சொல்லி உள்ளங்கையால் தேய்த்துப் பார்ப்பாள். பின்னால் நிற்கிற வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும். முதல் கிழமை ஒன்றும் இல்லை. அடுத்த கிழமையும் ஒன்றும் இல்லை. அவள் உதட்டைப் பிதுக்கினாள். முளைக்காவிட்டால்? காய்ச்சலில் வேர் செத்துப்போய் இனி முளைக்கவே முளைக்காது என்றால்? நான் களவாக வீட்டில் வழிக்கிறேன் என்றுதானே சொல்லுவார்கள்?

வீட்டில் செலவுக் கணக்கு அதோடு தலைகீழானது. கண்டறியாத எண்ணெய் என்று சொன்ன அம்மாவே, “என்ன, போத்தல் முடியுதே, இன்னும் வாங்கேல்லையே?” என்று கேட்கத் தொடங்கினா. மேல்தட்டு எண்ணெய் வாங்கினேன். அதோடு பூசுகிற ஒரு மருந்துத் தண்ணீரும் இருக்கிறது என்று பாமசிக்காரர் சொன்னார், அதையும் வாங்கினேன். விழுங்குகிற சத்துக் குளிசை வாங்கினேன். நல்ல தண்ணீரில் தலை முழுகினால்தான் முடி வரும் என்று யாரோ சொல்ல, அம்மா குடிக்கிற தண்ணீரில் ஒரு வாளி எனக்கென்று ஒதுக்கினா. தானும் மற்றவர்களும் உவர்த் தண்ணீரில் தேத்தண்ணி வைத்துக் குடித்தார்கள். மாமி தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னா: “உப்பில்லாத கஞ்சிக்கு இதை ஊத்தலாம்.” ஒருவரும் சிரிக்கவில்லை. எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்க அந்த வீட்டில் யாரும் இருக்கவில்லை. இருக்கிறது அவ்வளவும் போனது. சீனி நின்றது. அப்பாவின் சுருட்டு நின்றது. நான் தைத்துச் சம்பாதித்ததை நானே தலையில் பூசிக்கொண்டு, தைக்கப் போவதற்காகப் பாலத்தில் தலையைக் குனிந்தேன். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை எங்களுக்குச் செய்தவர்கள் யார் என்று யோசித்தால் பல்லைக் கடிப்பேன். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டே பூசினேன்.

முளைத்தது. எண்ணெயால் முளைத்ததா, தானாக முளைத்ததா, யாருக்குத் தெரியும். ஒரு காலை அவள் தலையைத் தேய்த்துவிட்டு நின்றாள். திரும்பத் தேய்த்தாள். “ஹொந்தாய்” என்றாள். நல்லது என்று அர்த்தம். கொஞ்சம் சிரித்தாள்கூட. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அந்தச் சிரிப்புக்காக என்மேலேயே கோபம் வந்தது.

ஆனால் முடி வளர வளர எனக்கு வேறு ஒன்று விளங்கத் தொடங்கியது. ஒரு நாள் நான் கிணற்றடியில் தலைத்துணி இல்லாமல் நின்றேன். சந்தைக்குப் போய் வந்த மாமி படலையைத் திறந்து என் பின்பக்கத்தைக் கண்டுவிட்டு, சத்தம் போடாமல் இரண்டு அடி பின்னால் போனா. நான் திரும்பியதும்தான் மூச்சு விட்டா.

“நீயே? நான் அவையளில ஆரோ வந்து நிக்கினமெண்டு நினைச்சுப்போட்டன்.”

மொட்டை மொட்டைதான். அதைக் கண்டால் நேர்த்திக்கடன் வைத்தாள், காய்ச்சல் வந்தது என்று நினைக்கலாம். காதளவுக்கு வளர்ந்த கட்டை முடிதான் இயக்கப் பெண்ணின் முடி. நான் காசைக் கொட்டி, எண்ணெய் தேய்த்து, தெரிந்த சனமே கண்டு பயப்படுகிற உருவமாக என்னை வளர்த்து வைத்திருந்தேன். இதிலிருந்து பின்னுகிற நீளத்துக்கு வர இன்னும் பல மாதம் வேண்டும். வெட்டவும் ஏலாது, வெட்டினால் வளரவில்லை என்பார்கள். ஒரே நம்பிக்கை அந்த இராணுவப் பெண். அவளுக்குத் தெரியும். மொட்டையிலிருந்து முளைத்ததைத் தன் கையாலேயே தடவிப் பார்த்தவள்.

ஒரு திங்கட்கிழமை பஸ்ஸால் இறங்கிப் பார்த்தேன். சாவடியில் எல்லா முகமும் புதிது. ஆட்களை மாற்றிவிட்டார்கள். அவள் இல்லை, தமிழ் தெரிந்த அதிகாரி இல்லை. என் தலை எப்படி வளர்ந்தது என்று கண்டவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

வரிசை நகர்ந்தது. திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். வரிசையிலிருந்து விலகிப் போகிறவளைத்தான் முதலில் பிடிப்பார்கள். நின்றேன். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தா. எனக்குச் செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. உண, உண என்ற ஒரு சொல்லைத்தான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன், அதையும் மறந்துவிடுவேனோ என்று பயந்து.

புதியவள் இளம் பெண். என்னைவிடச் சிறியவளாகக்கூட இருக்கலாம். அட்டையைப் பார்த்தாள். துணியைக் காட்டி அவிழ் என்று சைகை செய்தாள். அவிழ்த்தேன். அவள் முகம் மாறியது. படத்தைத் திரும்பப் பார்த்தாள், மணிக்கட்டளவு இரண்டு பின்னல். என் தலையைப் பார்த்தாள்.

“உண” என்றேன். திரும்பச் சொன்னேன்.

அவள் கையை நீட்டி என் தலையில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க எண்ணெய் பளபளத்தது. காலையில் அம்மா வழக்கத்துக்கு மேலால் ஊற்றித் தேய்த்திருந்தா. அவள் மணந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்து, கையைக் காற்சட்டையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் போகவில்லை. பக்கத்தில் நின்றவனிடம் என்னவோ சொன்னாள், அவன் சிரித்தான். வரிசை எனக்குப் பின்னால் பஸ் இறக்கிவிட்ட இடம் வரைக்கும் நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அட்டையை என் கையில் போட்டாள்.

“யன்ன.”

போ என்று சொன்னாள். ஏன் விட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முடியை வெட்டுகிறவள் இவ்வளவு எண்ணெய் தேய்ப்பாளா என்று நினைத்தாளோ, வரிசை நீளம் என்று நினைத்தாளோ, கையில் பிசுக்குப் பட்ட அருவருப்போ. நான் ஓடவில்லை. ஓடக்கூடாது என்று கால்களுக்குச் சொல்லிச் சொல்லி நடந்தேன். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் துணியைக் கையிலேயே வைத்திருக்கிறேன் என்று கண்டேன்.

பட்டினத்தில் இறங்கித் தையல்கடைக்குப் போகாமல் நேரே பாமசிக்குப் போனேன். பாமசிக்காரர் என் தலையைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்.

“முடிதான் வந்திட்டுதே பிள்ளை. இனி ஏன் இந்த விலைக்கு? கீழ்த்தட்டில இருக்கிறதே காணும்.”

நாளைக்கும் அதே பாலம். நாளைக்கும் அதே பெண் கையை நீட்டுவாள். அவள் கையில் எதுவும் படாமல் போனால் என்ன நினைப்பாள்?

“மேல்தட்டில இருக்கிறதைத் தாங்கோ,” என்றேன். “இருக்கிறதில பெரிய போத்தல்.”